புழுங்கல் அரிசியும் நரம்பணுவும்

பகாங் மாநிலத்தின் மேற்கு விளிம்பில் முகில் படியும் கேமரன் மலைக்கு அப்பெயர் வந்தது, 1885ஆம் ஆண்டில் நில அளவைக்காக அங்குச் சென்ற வில்லியம் கேமரன் என்பவரால். அதன் பின்னும் நாற்பது ஆண்டுகள் அம்மலை பழங்குடியினர் மட்டுமே வழியறிந்த காடாகக் கிடந்தது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அதனைக் குளிர்வாழிடமாக்க முனைந்தார். தாப்பாவிலிருந்து சடக்கு மேலேறத் தொடங்கியது. 1929இல் ஜான் ஆர்ச்சிபால்டு ரஸ்ஸல் என்னும் வணிகர் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். காட்டை அழித்துச் சரிவுகளில் கன்று நட்டவர்களுள்ளும், பின்னர்க் கொழுந்து கிள்ளியவர்களுள்ளும் தமிழர் மிகுந்திருந்தனர்.

அதே 1929இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இருவருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒருவர் இங்கிலாந்தின் ஹாப்கின்ஸ். மற்றவர் டச்சு நாட்டு மருத்துவரான கிறிஸ்டியான் எய்க்மான். எய்க்மான் பரிசைப் பெற நேரில் வர இயலாத அளவுக்கு நோயுற்றிருந்தார். அவ்வாண்டிலேயே ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் ருடால்ப் பீட்டர்ஸ் என்பவர், தீட்டிய அரிசி மட்டுமே ஊட்டப்பெற்று நரம்பு கெட்டுத் தலை பின்னோக்கி வளைந்த புறாக்களின் மூளையை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்.

தேயிலை மலைக்கும் நோபல் பரிசுக்கும் ஆக்ஸ்போர்டுப் புறாவுக்கும் என்ன தொடர்பு என்று மாணவர் வினவலாம். தொடர்பு தோட்டத்து லயங்களில் உலையேறிய சோற்றுப் பானையில் உள்ளது. கேமரன் மலையில் நெல் விளைவதில்லை. அரிசி மூட்டை கீழிருந்தே ஏறிவர வேண்டும். மலாயாத் தோட்டங்களில் தமிழர் நாடி வாங்கியது புழுங்கல் அரிசி. கப்பலேறி வந்த நாளில் அவர்கள் தம்முடன் கொணர்ந்த பழக்கங்களுள் அது ஒன்று. அந்த எளிய பழக்கம், நரம்பு மண்டலத்தை உயிரணு அளவிலும் மூலக்கூற்று அளவிலும் ஆராயும் இன்றைய அறிவியலின் தொடக்க வரலாற்றில் ஓரிடம் பெற்றிருக்கிறது. அவ்விடம் பெரிதும் பேசப்படுவதில்லை.

அக்காலத் தீபகற்பத்தை நடுங்கவைத்த நோய்களுள் பெரிபெரி ஒன்று. அப்பெயர் சிங்களச் சொல்லிலிருந்து பிறந்தது என்பர். வலுவின்மையைக் குறிக்கும் சொல் அது. முதலில் கால் மரத்துப்போகும். பாதத்தில் எறும்பு ஊர்வது போலிருக்கும். கெண்டைக்காலை அழுத்தினால் நோவு தாளாது. பின்னர்ப் பாதத்தைத் தூக்க இயலாமல் நோயாளி காலை இழுத்து நடப்பார். சிலருக்கு உடல் வற்றும். சிலருக்கு நீர் கோத்து வீங்கும். வீங்கியவர்களுள் பலர் இதயம் நின்று திடுமென இறந்தனர். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்கள் இந்நோய்க்கு ஆயிரக்கணக்கில் பலியாயினர். சிறைகளும் மருத்துவமனைகளும் பெரிபெரி நோயாளிகளால் நிரம்பின. 1900இல் கோலாலம்பூரில் மருத்துவ ஆய்வுக்கழகம் தோற்றுவிக்கப்பட்டதற்கு மலேரியாவுடன் இந்நோயும் முதன்மையான காரணம். அதன் முதல் இயக்குநர் ஹாமில்டன் ரைட், இது கிருமியால் பரவும் தொற்றுநோய் என்றே முடிவு கட்டினார். கிருமிகள் ஒவ்வொன்றாகக் கண்டறியப்பட்டுவந்த காலம் அது. எந்த நோய்க்கும் ஒரு கிருமியைத் தேடுவதே அறிவுடைமை எனக் கருதப்பட்டது.

நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த வில்லியம் லியோனார்டு பிராடன் வேறு வழியில் எண்ணினார். ஒரே மண்ணில், ஒரே வெயிலில், ஒரே மழையில் உழைக்கும் மக்களுள் சீனர் மட்டும் இவ்வளவு மிகுதியாக மடிவானேன்? தோட்டத்துத் தமிழரிடம் இந்நோய் அரிதாக இருப்பானேன்? மலாய்க் கிராமத்தாரிடமும் அது குறைவாக இருப்பானேன்? மூவரின் உணவையும் அவர் ஒப்பிட்டார். சீனத் தொழிலாளர் உண்டது சயாம் நாட்டிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய வெள்ளை அரிசி. மலாய்க் குடியானவர் தம் நெல்லைத் தாமே அவ்வப்போது குத்தி உண்டனர். தமிழர் உண்டதோ புழுங்கல் அரிசி. 1907இல் பிராடன் வெளியிட்ட பெரிய நூல் இவ்வொப்பீட்டை விரிவாக எடுத்துரைத்தது.

பிராடன் கண்டது சரி. அதற்கு அவர் சொன்ன காரணம் தவறு. தீட்டிய அரிசி நாட்பட இருக்கும்போது அதில் ஒரு நச்சுப்பொருள் தோன்றுகிறது என்றும், அவித்த நெல்லில் அது தோன்றுவதில்லை என்றும் அவர் கருதினார். அரிசியில் ஏதோ இருக்கிறது என்று தேடினாரே அன்றி, ஏதோ இல்லாமற்போனதை அவர் எண்ணவில்லை. இல்லாத ஒன்று நோயைத் தரும் என்னும் கருத்து அன்றைய மருத்துவர்க்கு அவ்வளவு அயலாக இருந்தது. ஆயினும், தமிழர் உடலில் இயல்பாகவே ஏதோ காப்பு இருக்கிறது என்று இனத்தின் மேல் ஏற்றிச் சொல்லாமல், அவர்கள் உலையில் இட்ட அரிசியை அவர் நோக்கினார். அக்காலச் சூழலில் அது குறிப்பிடத்தக்க தெளிவு.

இனி வருவது இவ்வரலாற்றின் இருண்ட பக்கம். கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பெரிபெரி பரவியிருந்தது. அங்கு மருத்துவராயிருந்த வில்லியம் பிளெட்சர் 1905 டிசம்பரில் ஒரு சோதனையைத் தொடங்கினார். நோயாளிகள் அனைவரும் உணவுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தப்பட்டு இடப்புறத்திலிருந்து எண்ணப்பட்டனர். ஒற்றைப்படை எண் பெற்றோர் முற்றத்தின் கிழக்குப் பக்கக் கட்டடத்துக்கும், இரட்டைப்படை எண் பெற்றோர் மேற்குப் பக்கக் கட்டடத்துக்கும் அனுப்பப்பட்டனர். இரண்டும் ஒரே அமைப்புடைய கட்டடங்கள். கறி, காய், மீன் யாவும் இரு சாராருக்கும் ஒன்றே. அரிசி மட்டும் வேறு: கிழக்கே சயாம் வெள்ளை அரிசி, மேற்கே வங்காளத்துப் புழுங்கல் அரிசி. இடத்தின் குற்றமோ என்னும் ஐயம் எழாதிருக்க, இடையில் இரு சாராரும் கட்டடம் மாற்றப்பட்டனர். அரிசி மட்டும் மாற்றப்படவில்லை.

ஓராண்டு கழிந்தது. வெள்ளை அரிசி உண்ட 120 பேரில் பலர் பெரிபெரிக்கு ஆளாயினர். 18 பேர் இறந்தனர். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் இருவரிடம் மட்டுமே நோய் காணப்பட்டது. அவ்விருவரும் மருத்துவமனைக்கு வரும்போதே நோயுடன் வந்தவர்கள். 1907இல் லண்டனின் லான்செட் இதழில் வெளியான இவ்வாய்வு, மருத்துவ வரலாற்றில் ஒப்பீட்டுச் சோதனைக்கு முன்னோடியான எடுத்துக்காட்டாக இன்றும் பேசப்படுகிறது. அந்தப் பாராட்டு உரியதுதான். ஆனால் வரிசையில் நிறுத்தி எண்ணப்பட்டவர்களிடம் எவரும் ஒப்புதல் கேட்கவில்லை. கேட்டாலும் பொருள் விளங்கி விடைதரும் நிலையில் அவர்களுட் பலர் இல்லை. ஒற்றை எண்ணா இரட்டை எண்ணா என்பதை முடிவு செய்தது, அன்று காலை ஒருவர் வரிசையில் நின்ற இடம். ஒரு காலடி தள்ளி நின்றிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் அந்தப் பதினெண்மருள் இருந்திருப்பர். வரலாற்று நூல்கள் அவர்களை எண்ணிக்கையாகவே தருகின்றன.

1907இலேயே ஆய்வுக்கழகத்தின் ஹென்றி பிரேசரும் தாமஸ் ஸ்டாண்டனும் ஜெலுபு மாவட்டத்துத் துரியான் தீப்புஸ் என்னுமிடத்தில் சோதனையைத் தொடர்ந்தனர். அங்கே காட்டினூடே சடக்கு போட்டுக்கொண்டிருந்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளர் இரு பிரிவாயினர். புதிய காடு, புதிய குடில்கள். பழைய தொற்று ஒட்டியிருந்தது என்று கூற இடமில்லை. வெள்ளை அரிசிப் பிரிவில் ஏறத்தாழ மூன்று மாதத்தில் பெரிபெரி தலைகாட்டியது. புழுங்கல் அரிசிப் பிரிவில் தோன்றவில்லை. உணவை மாற்றியபோது நோயும் இடம் மாறியது. பின்னர் அவ்விருவரும் கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் கோழிகளுக்கு வெவ்வேறு அரிசிகளை ஊட்டிப் பார்த்து, நெல்லைத் தீட்டும்போது உதிரும் தவிட்டிலேயே காக்கும் பொருள் இருக்கிறது என்றும், அதனைச் சாராயத்தில் கரைத்துப் பிரிக்க இயலும் என்றும் காட்டினர். நச்சுக் கொள்கை அத்துடன் வலுவிழந்தது. 1910இல் மணிலாவில் கூடிய தூரகிழக்கு வெப்பமண்டல மருத்துவ மாநாடு, தீட்டிய அரிசியே பெரிபெரிக்குக் காரணம் என ஏற்றுக்கொண்டது.

கோழி என்றதும் பத்தாவியா நினைவுக்கு வரும். இன்று ஜகார்த்தா எனப்படும் அந்நகரில், 1890ஐ ஒட்டிய ஆண்டுகளில், எய்க்மான் தம் ஆய்வுக்கூடத்துக் கோழிகள் கால் தளர்ந்து விழுவதைக் கண்டார். அவற்றின் நரம்புகளை நுண்ணோக்கியில் பார்த்தபோது நார்கள் சிதைந்திருந்தன. சில மாதங்கள் கழித்துக் கோழிகள் தாமாகவே தேறின. வினவியபோது ஒரு சமையற்காரரின் செய்தி வெளிவந்தது. முன்னிருந்தவர் படைமருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குக் கொடுத்துவந்தார். புதிதாக வந்தவர், படைவீரர்க்குரிய சோற்றைப் பொதுக் கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார். பின்னர் ஃபோர்டர்மன் என்பார் சாவகத்தின் 101 சிறைகளில் ஏறத்தாழ 2,80,000 கைதிகளின் உணவை ஆராய்ந்து அதே உண்மையை மனிதரிடத்தும் கண்டார். எய்க்மானுக்குப் பின் வந்த கிரைன்ஸ் 1901இல், நரம்பைக் காக்கும் பொருளொன்று உணவில் இல்லாமையே நோய் எனத் துணிந்து எழுதினார். எனவே மலாயா ஆய்வுகளே முதன்மையானவை எனப் பெருமை பேசுவதற்கில்லை. சாவகத்தில் கோழியிடம் கண்டதை மனிதரிடம் ஐயத்துக்கிடமின்றி நிறுவியதே மலாயாவின் பங்கு.

புழுங்கல் அரிசியில் நிகழ்வது என்ன? நெல்லை நீரில் ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, அதன் பின்னரே குத்துகிறோம். காக்கும் பொருள் நீரில் கரைவது. அது நெல்மணியின் முளையிலும் தவிட்டுப் படலத்திலும் செறிந்திருக்கிறது. ஊறும்போதும் அவியும்போதும் அது கரைந்து உள்ளே செல்கிறது. அவிந்த மாப்பொருள் இறுகி அதனைத் தன்னுள் பிடித்துக்கொள்கிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் பெரும்பகுதி மணிக்குள்ளேயே தங்கிவிடும். பச்சரிசியில் அது தவிட்டோடு போய்விடும். எஞ்சியதும் மும்முறை களைந்து கொட்டும் கழுநீரிலும், வடித்தூற்றும் கஞ்சியிலும் கரைந்து போகும்.

இதனைக் கொண்டு நம் முன்னோர் உயிர்ச்சத்தை அறிந்திருந்தனர் என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அது வரலாறு ஆகாது. அவித்த நெல் குத்தும்போது நொய்யாவது குறைவு, அரிசி எளிதில் பூச்சி பிடிக்காது, சோறு குழையாது, மறுநாள் நீரூற்றிய பழையதுக்கும் ஏற்றது. பழக்கம் நிலைக்க இவை போதுமான காரணங்கள். நரம்பைக் காத்தது அவர்கள் அறியாமலே கிடைத்த பயன். அறியாமல் கிடைத்தது என்பதால் அதன் மதிப்புக் குறைந்துவிடாது.

இனமா அரிசியா என்னும் வினாவுக்குத் தமிழகத்துக்கு அருகிலேயே விடை கிடைத்தது. அவ்விடையைத் தேடிய ஆய்வுக்கூடமும் ஒரு தேயிலை மலையில்தான் இருந்தது. நீலகிரியின் குன்னூரில் 1918 முதல் ராபர்ட் மெக்காரிசன் சத்துக்குறை நோய்களை ஆராய்ந்தார். தீட்டிய அரிசி உண்ட புறாக்களின் உறுப்புகள் ஒவ்வொன்றும் எவ்வாறு மாறுகின்றன என்பதை அவர் விரிவாக எழுதினார். அவர்க்குப் பின் இயக்குநரான அய்க்ராய்டு, சென்னை மாகாணத்துக்குள்ளேயே ஒரு வேற்றுமையைச் சுட்டினார். ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி வேரூன்றியிருந்தது. புழுங்கல் அரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது காணப்படவில்லை. குன்னூர் ஆய்வுக்கூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதன் தொடர்ச்சியே.

காக்கும் பொருளைப் பிரித்தெடுக்கும் முயற்சி நெடியது. 1912இல் காசிமிர் ஃபங்க் லண்டனில் இத்தகைய பொருள்களுக்கு வைட்டமின் என்று பெயரிட்டார். 1926இல் பத்தாவியாவில் யான்சனும் டோனாத்தும் சில நூறு கிலோ தவிட்டிலிருந்து ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு அளவான படிகத்தைப் பிரித்தனர். அதன் அமைப்பைக் கண்டறிந்து 1936இல் செயற்கையாக ஆக்கிக் காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ். இவ்வமெரிக்கர் 1886இல் பிறந்த ஊர் நெல்லூர். அன்று அது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. இளமையில் மணிலாவில் பணியாற்றியபோது தவிட்டுச் சாற்றைத் தூய்மைப்படுத்தும் வேலை அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதனைக் கால் நூற்றாண்டுக்கு மேல் அவர் கைவிடவில்லை. தம் முறையான அலுவல் வேறாக இருந்த காலத்திலும் ஓய்வு நேரத்தில் அதனைத் தொடர்ந்தார். கந்தகம் அடங்கிய அப்பொருளுக்குத் தயமின் என்று பெயர் வழங்கலாயிற்று.

பெயரும் அமைப்பும் தெரிந்தன. ஆனால் அது நரம்புக்குள் என்ன செய்கிறது? இவ்வினாவில்தான் பீட்டர்ஸின் புறாக்கள் வருகின்றன. தீட்டிய அரிசி உண்ட புறா சில வாரங்களில் தலையை முதுகின் மேல் மடித்துக்கொண்டு துடிக்கும். சில மணி நேரத்தில் இறந்துவிடும் என்று தோன்றும். அந்நிலையில் தவிட்டுச் செறிவைச் செலுத்தினால், சற்று நேரத்தில் தலையை நிமிர்த்தி எழுந்து நிற்கும். இவ்விரைவு பீட்டர்ஸைச் சிந்திக்க வைத்தது. நரம்பு நார் சிதைந்துவிட்டிருந்தால் இவ்வளவு விரைவில் அது திரும்ப வளராது. ஆகவே புறாவைத் துடிக்கவைப்பது நுண்ணோக்கியில் தெரியும் சிதைவாக இருக்க முடியாது. உயிரணு கெடாமல் இருக்கும்போதே அதனுள் நிகழும் ஏதோ ஒரு வேதிவினை நின்றுபோயிருக்க வேண்டும்.

அவரும் கின்னர்ஸ்லியும் 1929இல் வெளியிட்ட ஆய்வு, நோயுற்ற புறாவின் மூளையில், சிறப்பாக அதன் கீழ்ப்பகுதியில், லாக்டிக் அமிலம் தேங்கியிருந்ததைக் காட்டியது. பின்னர் மூளைத் திசுவை வெளியே எடுத்துக் கண்ணாடிக் கலத்தில் வைத்து, குளுக்கோசு கொடுத்து, அது ஈர்க்கும் உயிர்வளியை அளந்தனர். நோயுற்ற மூளை குறைவாகவே ஈர்த்தது. மிகச் சிறிதளவு உயிர்ச்சத்தைக் கலத்தில் இட்டதும் உயிர்வளி ஈர்ப்பு உயர்ந்தது. உயிருள்ள பறவையில் கண்ட மீட்சி, இவ்வாறு கலத்தில் இருந்த திசுவிலும் காணப்பட்டது. தேங்குவது பைருவிக் அமிலம் என்பது அடுத்து வெளிப்பட்டது. 1931இல் இந்நிலைக்கு வேதியியல் ஊறு என்னும் பொருள்படும் ஒரு தொடரைப் பீட்டர்ஸ் வழங்கினார். உறுப்பின் வடிவம் குலைவதற்கு முன்பே அதன் வேதியியல் குலைகிறது என்பதே அதன் கருத்து. நரம்பு நோயை மூலக்கூற்றின் இடத்தில் வைத்துப் பார்த்த முதல் முயற்சிகளுள் இதற்குத் தனியிடம் உண்டு. எய்க்மான் நுண்ணோக்கியில் கண்டது முடிவு. பீட்டர்ஸ் கலத்தில் அளந்தது தொடக்கம்.

1937இல் லோமன், ஷூஸ்டர் என்னும் இருவர் எஞ்சிய முடிச்சை அவிழ்த்தனர். உயிரணுவுக்குள் புகுந்த தயமினுடன் இரண்டு பாஸ்பேட் கூறுகள் சேர்கின்றன. அவ்வடிவில் அது நொதிகளுக்குத் துணைப்பொருளாகிறது. சோறு குளுக்கோசாகி, குளுக்கோசு பைருவிக் அமிலமாகி, அது மேலும் எரிந்து ஆற்றலாக மாறும் வழியில் ஒரு வாயில் இருக்கிறது. அவ்வாயிலைத் திறக்கும் நொதிக்குத் தயமின் இன்றியமையாதது. தயமின் இன்றேல் சோறு உண்டும் உயிரணு பட்டினி கிடக்கும். அதிலும் நரம்பணுவே முன்னதாகத் தளர்வது ஏன் என்பதும் எளிதில் விளங்கும். மூளை உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே ஆயினும், உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அதுவே கொள்கிறது. அதுவும் பெரும்பாலும் குளுக்கோசையே நம்பியிருக்கிறது. முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் வரை ஒரே நாராக நீளும் நரம்பணுக்கள் உள்ளன; அவ்வளவு நெடிய நாரின் கோடி வரை பொருள்களை அனுப்பிக்கொண்டே இருக்க ஆற்றல் ஓயாது வேண்டும். பெரிபெரி பாதத்தில் தொடங்குவதன் பொருள் இதனால் புலனாகிறது. உடலின் தயமின் கையிருப்போ 30 மில்லிகிராம் அளவினது. வெறும் வெள்ளைச் சோற்றை உண்போர்க்கு அது விரைவில் தீரும். துரியான் தீப்புஸ் தொழிலாளர்க்குக் கால் மரத்த மூன்று மாதக் கணக்கு அதனோடு பொருந்துகிறது.

இவ்வறிவு முழுமை பெறுவதற்குள் போர் வந்தது. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. சிறைப்பட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைவீரர்க்குச் சாங்கியில் கிடைத்தது தீட்டிய அரிசி. சில வாரங்களில் அவர்களுட் சிலர் உணவை வெறுத்தனர், வாந்தி எடுத்தனர், கண்கள் நிலைகொள்ளாமல் துடித்தன, பிறகு நினைவு தடுமாறியது. இத்தகைய மூளை நோயை 1881இலேயே ஜெர்மானிய மருத்துவர் வெர்னிக்கி விளக்கியிருந்தார். மிகுதியாக மது அருந்துவோரிடமே அது காணப்பட்டதால் மதுவின் விளைவென்றே பலர் எண்ணியிருந்தனர். சாங்கியிலோ குடிக்க மது இல்லை. தாமும் கைதியாயிருந்த மருத்துவர் டி வார்டனரும் நோய்க்கூற்றியலர் லெனாக்ஸும் 52 நோயாளிகளின் குறிப்புகளைப் பாதுகாத்து 1947இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். சிறிதளவு தயமின் கொடுத்தபோதே நோயாளிகள் தேறியதும், இறந்தோர் மூளையின் குறித்த சில பகுதிகளில் மட்டும் குருதிக் கசிவு இருந்ததும் அதில் பதிவாயின. வெள்ளையர் உடலும் வெள்ளை அரிசியை உண்டால் அவ்வாறே ஆகும் என்பதை அப்பதிவு காட்டியது. பெரிபெரியைக் கூலி மக்களின் இழிந்த இனக்கூற்றுக்கு உரியதாக்கிய பழைய பேச்சுகளுக்கு அதனினும் வலிய மறுப்பு வேண்டியதில்லை.

அதே ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். வாந்திபேதி, மலேரியா ஆகியவற்றோடு பெரிபெரியும் அங்கு அவர்களைக் கொன்றது. தலைமுறைகளாகத் தம் நரம்பைக் காத்த அரிசியை இழந்த பின் அவர்களுக்கு எக்காப்பும் இல்லை. சாங்கி மருத்துவர்கள் தம் படைவீரர்க்கு எழுதிவைத்ததைப் போன்ற நுணுக்கமான நோய்க்குறிப்பு அத்தமிழர்க்கு எழுதப்படவில்லை. பிராடன் நூலில் ஒப்பீட்டுக்காக வந்த தமிழர், நோயுற்று மடிந்தபோது கணக்கிலும் சரியாக இடம்பெறவில்லை.

போருக்குப் பின் ஆய்வு உயிரணுவுக்குள் மேலும் ஆழ்ந்து சென்றது. தயமினை வேண்டும் மற்றொரு நொதியைக் குருதிச் சிவப்பணுவில் அளந்து, ஒருவரின் தயமின் நிலையை அறியும் முறை ஏற்பட்டது; மூளையைத் திறக்காமலே அதன் பஞ்சத்தை ஒரு துளிக் குருதியில் காண வழி பிறந்தது. குறைந்த உணவுண்ட எல்லோருக்கும் வெர்னிக்கி நோய் வருவதில்லையே என்னும் ஐயத்துக்கு 1977இல் பிளாஸ், கிப்சன் என்னும் ஆய்வாளர் விடை தேடினர். நோயாளிகளின் தோலணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தபோது, அந்நொதி தயமினைத் தளர்வாகவே பற்றுவதைக் கண்டனர். பின் வந்த ஆய்வுகள் அதனை முழுதும் உறுதி செய்யவில்லை. எனினும் ஒருவரின் நரம்பு நோயை அவர்தம் உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் வளர்த்து ஆராயும் முறைக்கு அது நல்ல எடுத்துக்காட்டு. 1999இல் தயமினை உயிரணுவுக்குள் கொண்டுசேர்க்கும் புரதம் ஒன்றின் மரபணு கண்டறியப்பட்டது. அது பழுதுற்றுப் பிறக்கும் குழந்தைகளுக்கு இரத்தசோகையும் செவிட்டுத்தன்மையும் நீரிழிவும் உண்டாகின்றன. தயமினை மிகுதியாகக் கொடுத்தால் சோகை குறைகிறது.

மீண்டும் தேயிலை மலைக்கு வருவோம். 1970களில் தாய்லாந்து ஆய்வாளர்கள் வேறொரு செய்தியை வெளியிட்டனர். தேயிலையிலும் பாக்கிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் தயமினைச் செயலிழக்கச் செய்கின்றன. 1974இல் தேநீர் பற்றியும், 1975இல் வெற்றிலைபாக்கு பற்றியும் அவர்களின் ஆய்வுகள் வெளிவந்தன. பாக்கு மெல்வதை நிறுத்தியவர்களின் தயமின் நிலை உயர்ந்தது அளவிட்டுக் காட்டப்பட்டது. தோட்டத்துத் தமிழரின் மடியில் வெற்றிலைப் பை எப்போதும் இருந்தது. கையில் சாயத்தண்ணீர்க் குவளையும் இருந்தது. புழுங்கல் அரிசி கொடுத்ததில் ஒரு பங்கை இவை நாள்தோறும் பறித்துக்கொண்டிருந்திருக்கும். அவ்விழப்பையும் தாங்கி அந்த அரிசி காத்தது என்றே கொள்ள வேண்டும்.

கேமரன் மலைத் தோட்டங்களின் லயங்களில் தமிழ்க் குடும்பங்கள் இன்று குறைந்துவிட்டன. படித்த பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிச் சென்றனர்; அங்கு அவர்கள் வீட்டு உலையில் தாய்லாந்து வெள்ளை அரிசி கொதிப்பது இயல்பாகிவிட்டது. மீனும் முட்டையும் பயறும் உடன் இருப்பதால் பெரிபெரி அவர்களை அணுகுவதில்லை. சரிவுகளில் இன்று கொழுந்து எடுப்போருள் வங்காளதேசத்திலிருந்து வந்தவர்கள் பலர். பிளெட்சரின் மேற்குக் கட்டடத்தில் 1906இல் வெந்த புழுங்கல் அரிசி வங்காளத்திலிருந்து வந்தது. அந்நாட்டு ஊர்களில் இன்றும் நெல்லை அவித்தே குத்துகின்றனர்.